பாதி விலைக்கு வந்த வேகம்

கடைத்தெருவில் பொத்தான், ஜிப், லைனிங் துணி மொத்த வியாபாரம் செய்யும் பெரியவரின் சொந்தப் பெயர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘பாதிவிலை’. சொன்ன விலைக்கு ஒரு பொருளை வாங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. பல் பிடுங்கப் போன இடத்தில், “பக்கத்துப் பல்லையும் சேர்த்துப் பார்த்தா எவ்வளவு குறைப்பீங்க?” என்று கேட்டு டாக்டரைத் திகைக்க வைத்த மனிதர்.

வாழ்க்கையில் அவர் பேரம் பேசாமல் முடித்தது ஒன்றே ஒன்று, மூத்த மகளின் கல்யாணம். அதனால்தான் அது இப்படி ஆகிவிட்டது என்று உள்ளூர ஓர் எண்ணம் அவருக்கு.

மகள் கணவனைப் பிரிந்து, கடைக்கு மேலே இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவளுடைய ஆறு வயதுக் குட்டி, அப்பாவோடு வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் அம்மாவும் பெண்ணும் கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்பது குடும்ப நீதிமன்றம் செய்து கொடுத்த ஏற்பாடு. பேச்சென்ன பேச்சு! பாதி நேரம் படம் அப்படியே நின்றுவிடும். குட்டியின் வாய் திறந்திருக்கும், சொல் வராது. சொல் வந்து சேரும்போது வாய் மூடியிருக்கும்.

போன வாரம், நீதிமன்ற ஆலோசகர் அம்மாள் போனில் சொன்ன ஒரு வார்த்தையோடு இவர்களை விட்டுவிட்டு வந்தோம். “இந்த ஞாயிறு நானும் லைன்ல வர்றேன்மா. நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கிறீங்கன்னு பார்த்துத்தான், லீவுக்குக் குழந்தையை உங்ககிட்ட அனுப்பலாமா வேண்டாமான்னு நான் எழுதணும்.”

இன்று அந்த ஞாயிறு.

“நெட்காரன் ஏதோ விளையாடுறான்க்கா,” என்றான் சின்னவன், மேஜைக்கு அடியிலிருந்து. இந்த வீட்டின் கடைக்குட்டி. கடையில் பில் போடுவது போக மீதி நேரமெல்லாம் கைபேசிக்குள் குடியிருப்பவன். “இன்னிக்கு அதைக் கையும் களவுமாப் பிடிச்சுடலாம்.”

அவன் ஒரு நீல வயரை மோடத்தில் சொருகி, மறுமுனையைக் கணினியில் சொருகினான். “வைஃபைல குத்தம்னு அவன் சொல்லக் கூடாது பாரு. நேரா வயரு. அப்பா, உங்க போனை அணைச்சு வைங்க.”

“இருடா, நாலு பேருக்குக் காலை வணக்கப் பூ அனுப்பிட்டு இருக்கேன்.”

“அந்தப் பூவும் இதே குழாய்லதான் தண்ணி குடிக்குது. அணைங்க.”

பாதிவிலை முணுமுணுத்தபடி அணைத்தார். சின்னவன் வேகம் அளக்கும் பக்கத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினான். முள் ஒரு துள்ளு துள்ளி, வட்டத்தின் கடைசிக்கே போய் நின்றது.

“பார்த்தியா!” பெரியவர் தொடையில் தட்டினார். “குதிரை மாதிரி ஓடுது. கோளாறு நம்ம பக்கம் இல்ல. மாப்பிள்ளை வீட்டுலதான்.”

மாப்பிள்ளை என்று அவரை இன்னும் எதற்கு அழைக்கிறார் என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. பழகின வாய்.

“பொறுங்கப்பா.” சின்னவன் அதே கையோடு ஒரு வீடியோவைத் தட்டினான். வட்டம் சுற்றியது. கொஞ்சம் படம் வந்தது. மறுபடி சுற்றியது. “இப்ப சொல்லுங்க. அதே வயரு, அதே கணினி. குதிரை எங்க போச்சு?”

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வட்டம் அவருக்காகவும் சுற்றியது.

“நாம வேகம் அளக்குறோம்னு அவனுக்குத் தெரியும்ப்பா. அளக்குற பக்கம்னா கதவை விரியத் திறந்துடுவான். வீடியோ போகுதுன்னு தெரிஞ்சா கழுத்தைப் பிடிச்சுக்குவான்.”

“சாம்பிள் ஒண்ணு காட்டி, சரக்கு ஒண்ணு இறக்குறான்னு சொல்லு.” பெரியவருக்கு உடனே விளங்கிவிட்டது. “நேக்கான ஆளா இருப்பான் போல.”

அக்கா குட்டிக்குக் காட்டுவதற்காக, கடையிலிருந்து எடுத்து வந்த பொத்தான்களை ஓர் அட்டையில் பூப் பூவாகத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். “சந்தேகம்தானேடா இது? நிச்சயமா அவன்தான்னு எப்படிச் சொல்றது?”

“அதுக்கும் வழி இருக்கு. மூட்டை மேல ஒண்ணும் எழுதாம, இறுக்கித் தைச்சு அனுப்புவோம்ல, அந்த மாதிரி. உள்ள பொத்தானா ஊசியான்னு வழியில நிக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. எதுன்னு தெரிஞ்சாத்தானே பிடிப்பான்?”

“இதுக்குப் பேரு என்னடா?”

“விபிஎன்.”

“எங்க காலத்துல இதுக்கு வேற பேரு,” என்றார் பெரியவர். “மாட்டினா உள்ள போகணும்.”

சின்னவன் ஏதோ ஒன்றை இறக்கி, ஏதோ ஒன்றை முடுக்கினான். அதே வீடியோவைத் தட்டினான். வட்டம் வரவே இல்லை. யாரோ ஒருத்தி கடற்கரையில் ஓடினாள், ஓடிக்கொண்டே இருந்தாள். தண்ணீர்த் துளி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

விபிஎன்னை அணைத்தான். அவள் நொண்டினாள். முடுக்கினான். ஓடினாள்.

“போதுமாக்கா சாட்சி?”

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு வருஷமாக இல்லாத ஒரு வெளிச்சம். “அப்ப, குட்டி சிரிச்சது, என்னைக் கூப்பிட்டது எல்லாம் எனக்கு வந்து சேராம நடுவுலயே நின்னிருக்கு. இல்லடா? நான்தான் அவ எங்கிட்டப் பேசவே மாட்டேங்குறான்னு…”

முடிக்காமல் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டாள்.

பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. “நம்பரைப் போடு. நான் பேசுறேன். ஒரு வருஷமா எம் பேத்தி சிரிப்பைத் திருடியிருக்கான்.”

நெட் கம்பெனியின் சேவை எண்ணில், பாட்டு முடிந்து ஒரு பெண் குரல் வந்தது. அறையே கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

“வணக்கம் ஐயா, என்ன உதவி வேணும்?”

“உதவியா? வீடியோவை மட்டும் கழுத்தைப் பிடிச்சு வச்சிருக்கீங்களே, அந்தக் கையை எடுங்க. ஆதாரம் இருக்கு எங்ககிட்ட. வயரு போட்டு, மூட்டை கட்டி, எல்லா விதமாவும் பார்த்தாச்சு.”

தட்டச்சு சத்தம் கேட்டது. “ஐயா, நீங்க பார்த்தது சரிதான். உங்க பிளான்ல வீடியோவுக்கு வேகக் கட்டுப்பாடு இருக்கு.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார்கள் என்று பெரியவர் எதிர்பார்க்கவில்லை. பேரத்தில் எதிராளி உடனே தலையாட்டினால் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். குரலைத் தாழ்த்தினார். “யாரைக் கேட்டு வச்சீங்க?”

“நீங்கதான் ஐயா கேட்டிருக்கீங்க. சேரும்போது, வீட்டுல வீடியோ யாரும் பார்க்க மாட்டாங்க, அதை எடுத்துட்டு விலையைக் குறைங்கன்னு நீங்க சொன்னதா இருக்கு. அதனால உங்களுக்குப் பாதி விலையில போட்டுக் குடுத்திருக்காங்க.”

ஊசி அக்காவின் கையிலேயே நின்றுவிட்டது.

பெரியவருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. டை கட்டிய நெட் கம்பெனிப் பையன், கையில் டேப்லெட். முழு விலை சொன்னான். இவர் விடவில்லை. கோட்டு தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் தையல்காரரிடம் கேட்கும் அதே கேள்வியை அவனிடமும் கேட்டார்: ‘லைனிங் இல்லாம என்ன விலை?’ பையன் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்து, விலையைச் சொன்னான். வெளியே பார்த்தால் அதே கோட்டு. உள்ளே துணி இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

“நீ வந்து சேர்ந்த வாரம்மா அது,” என்றார் மெதுவாக. “கடை ஆர்டர் பார்க்கத்தானேன்னு நினைச்சேன். உனக்கு இப்படி ஒரு தேவை வரும்னு எனக்கு…”

“அன்னிக்குச் சாயங்காலம் எங்கிட்டயும் சொன்னீங்கப்பா. பாதி விலைக்கு முடிச்சுட்டேன்னு.” அக்காவின் குரலில் கோபம் கூட இல்லை. “நானும் சிரிச்சேன்.”

சின்னவன் போனை வாங்கி, முழுத் திட்டத்துக்கு இப்போதே மாற்ற முடியுமா என்று கேட்டான். மாற்றலாமாம். ஞாயிறு என்பதால் நாளைக்குத்தான் நடப்புக்கு வருமாம்.

“பரவாயில்ல, மூட்டை கட்டி இன்னிக்கு ஓட்டிடலாம்,” என்றான். வீடியோவுக்குக் கைபேசிச் சிக்னலை நம்பிப் பிழைக்க முடியாத வீடு அது. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இரு பக்கமும் நசுங்கி நிற்கிறது. “ஓடுறதைத்தான் பார்த்தோமே.”

பெரியவர் எழுந்து நடந்தார். ஜன்னல் வரை போனார், திரும்பினார். குற்ற உணர்ச்சி வந்தால் அவருக்கு ஏதாவது செய்தாக வேண்டும். அதுதான் ஆபத்து.

“ஆலோசகர் அம்மாவுக்கு இதைச் சொல்லிடணும்டா.”

“எதுக்குப்பா? இப்பத்தான் சரியாயிடுச்சே.”

“சரக்குல குறை இருந்தா, விலை பேசுறதுக்கு முன்னாடியே நம்ம வாயால சொல்லிடணும். பின்னால அவங்களா கண்டுபிடிச்சா நம்ம பேச்சு எடுபடாது. இந்தக் கடை இத்தனை காலம் நிக்கிறதே அதனாலதான். ஒரு வருஷமாப் படம் நின்னது எம் பொண்ணு குத்தமில்ல, எங்க லைன் குத்தம்னு அவங்களுக்குத் தெரியட்டுமே.”

அதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரிந்தது. அக்காவும் தடுக்கவில்லை. சின்னவன் நொண்டிய வீடியோவையும் ஓடிய வீடியோவையும் படம் பிடித்து, கம்பெனிக்காரி சொன்னதையும் தட்டி, ஆலோசகருக்கு அனுப்பத் தயாரானான்.

“கடைசில ஒரு வரி சேர்த்துக்கோ,” என்றார் பெரியவர். “இன்னிக்கும் நடுவுல நின்னா, அது எங்க பக்கத்துக் கோளாறுதான், தப்பா எடுத்துக்காதீங்கன்னு போடு. மரியாதையா இருக்கும்.”

போட்டான். அனுப்பினான்.

மத்தியானம் அக்கா தலை வாரி, வெளிர் மஞ்சள் உடுத்தி உட்கார்ந்தாள். அந்த நிறம் திரையில் நன்றாகத் தெரியும் என்று சின்னவன் சொல்லியிருந்தான். பொத்தான் பூ அட்டை கைக்கெட்டும் தூரத்தில். பெரியவரும் சின்னவனும் கேமராவில் விழாமல், திரை தெரியும்படி ஓரமாக நின்றார்கள்.

திரையில் முதலில் ஆலோசகரின் ஜன்னல் திறந்தது. மூக்குக் கண்ணாடி, பேனா. “நீங்க பேசுங்கம்மா. நான் இருக்கறதையே மறந்துடுங்க.”

அடுத்த ஜன்னலில் குட்டி.

அக்கா திரைக்கு அருகே குனிந்தாள். எத்தனை தெளிவு! முன்பல் ஒன்று விழுந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. நெற்றி ஓரத்தில் ஒரு சின்னத் தழும்பு. அதையும் யாரும் சொல்லவில்லை.

“குட்டிமா! பல்லு விழுந்துடுச்சா?”

“ம்.”

“எப்பம்மா விழுந்துது?”

“அப்பவே.”

“வலிச்சுதா தங்கம்?”

“இல்ல.”

படம் நிற்கவில்லை. குட்டி கண்ணை ஓரமாகத் திருப்பி யாரையோ பார்ப்பது தெரிந்தது. திரும்பி வந்து, “நான் நல்லா இருக்கேன், நீங்க நல்லா இருக்கீங்களா,” என்று ஒப்பித்தாள்.

நீங்க! இடுப்பில் இருந்த நாளிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட குழந்தை.

அக்கா சிரித்த முகத்தை விடவில்லை. அட்டையைத் தூக்கிக் காட்டினாள். “இங்க பாரு, பூ! நடுவுல இருக்கே சிவப்பு, அது தாத்தா கடையில நீ வாய்ல போட்டுக்கிட்டியே, அந்தப் பொத்தான்.”

“ம்.”

“உனக்கு ஞாபகம் இருக்கா?”

குட்டி பார்த்தாள். நாற்காலியில் நெளிந்தாள். காலாட்டியதில் தலை ஆடியது. ஒரு வருஷமாகப் படம் நின்ற இடங்களையெல்லாம் இந்த அம்மா தன் கற்பனையால் நிரப்பி வைத்திருந்தாள். இங்கே சிரித்திருப்பாள், இங்கே ‘அம்மா’ என்று கையை நீட்டியிருப்பாள் என்று. இப்போது எல்லாம் வந்து சேர்ந்தது. ஒரு துளி சிந்தவில்லை. வந்து சேர்ந்தது இவ்வளவுதான்.

“என்னம்மா, என்ன வேணும்?”

“இன்னிக்கு ஏன் நிக்கவே மாட்டேங்குது?”

“என்னது கண்ணு?”

“படம். எப்பவும் நின்னுடும்ல? நின்னா நான் விளையாடப் போலாம்னு அப்பா சொன்னாங்க.”

ஆலோசகரின் பேனா அசைந்தது. அதுவும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.



அக்கா ஏதாவது பேச வேண்டும் என்று பார்வையை ஓடவிட்டபோதுதான் அதைக் கண்டாள். குட்டிக்குப் பின்னால், இத்தனை வாரமாக மங்கலாகத் தெரிந்து அலமாரி என்று அவள் நம்பிய பழுப்புச் சதுரம், அலமாரி இல்லை. அட்டைப் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டுநாடா போட்டு மூடிய பெட்டிகள். சுவரில் படம் மாட்டியிருந்த ஆணி மட்டும் இருந்தது. அந்த அறையின் ஜன்னலில் திரைச்சீலை இல்லை.

“குட்டிமா, பின்னால என்ன பெட்டி? எங்கயாவது போறீங்களா?”

குட்டியின் கண் ஓரத்துக்குப் போனது. யாருக்கோ பதில் சொல்வது போல ஒரு கையைத் தூக்கினாள்.

படம் நின்றது.

“டேய்!” என்றார் பெரியவர்.

“நம்ம லைன் இல்லப்பா!” சின்னவன் மோடத்தை எட்டிப் பார்த்தான். “எல்லா விளக்கும் எரியுது. இங்க பாருங்க, அந்தம்மா அசையுறாங்க!”

உண்மைதான். ஆலோசகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ஓ, நின்னுடுச்சா? பரவாயில்ல. காலைலயே உங்க தம்பி அனுப்பியிருந்தாரே, பார்த்தேன்.”

“மேடம், எங்க லைன் நிக்கல. நீங்க எனக்கு நல்லாத் தெரியுறீங்க. பேனா மூடியைக் கடிச்சுட்டு இருந்தீங்களே, அதுகூடத் தெரிஞ்சுது. அங்க யாரோ நிறுத்திட்டாங்க. குழந்தைக்குப் பின்னாடி பெட்டி கட்டி வச்சிருக்காங்க, பார்த்தீங்களா?”

“பெட்டியா? என் திரை சின்னதும்மா. நான் உங்க ரெண்டு பேர் முகத்தைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.” அவர் குனிந்து தன் கைபேசியைப் பார்த்தார். “அவங்க அப்பா இப்ப மெசேஜ் போட்டிருக்கார். அங்க எல்லாம் சரியா இருக்காம். உங்க லைன்தான் பழையபடி நின்னுடுச்சாம்.”

“பொய் மேடம்!”

“அவர் ஒரு வருஷமாச் சொல்றதும், நீங்களே இன்னிக்குக் காலைல எழுதினதும் ஒண்ணாத்தானேம்மா இருக்கு? நடுவுல நின்னா எங்க கோளாறுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க?” அவர் குரல் கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் சண்டையாவது போடலாம். “நான் பார்த்ததை, கேட்டதைத்தான் எழுத முடியும். படம் எப்ப நிக்கும்னு குழந்தை காத்துட்டு இருக்கு. அதைக் காதால கேட்டேன். வருத்தமாத்தான் இருக்கு.”

அவருடைய ஜன்னல் மூடியது.

குட்டியின் ஜன்னல் கறுப்பாவதற்குள் சின்னவன் நின்ற படத்தைப் பிடித்து வைத்துவிட்டான். அதைப் பெரிதாக்கிக் காட்டினான். மேல் பெட்டியில், கோணல் மாணலாக, குட்டியின் கையெழுத்து. ‘அம்’ என்பது வரை தெரிந்தது. மிச்சத்தை அவள் தூக்கிய கை மறைத்திருந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கைதான் பெரிதானது.

சின்னவன் குட்டியின் அப்பாவுக்குப் போன் போட்டான். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டான்.

“அந்த விபிஎன்னை எடுத்துடுடா,” என்றாள் அக்கா.

“ஏன்க்கா?”

“தெரியாம இருந்தப்ப அவ எங்கிட்டச் சிரிச்சுக்கிட்டாவது இருந்தா.”

சின்னவன் எடுக்கவில்லை. அங்கேயே நின்றான்.

அடுத்த அறையில் பெரியவர் நெட் கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தார். காலையில் பேசிய அதே பெண்தான். சுவர் வழியாக அவர் குரல் கேட்டது. அந்தக் குரலில் அவர் பேசி இந்த வீடு கேட்டதில்லை.

“முழு விலை தர்றேன்மா. அதுக்கு மேலயும் தர்றேன். எனக்குக் குறைக்கவே வேண்டாம். இப்பவே திறந்து விடுங்க. ஒரு பத்து நிமிஷம் போதும்.”

“உங்க லைன் இப்ப நல்லாத்தான் ஐயா ஓடுது. அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா ஐயா?”

பெரியவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. எந்த விலைக்கும் எதிர்விலை வைத்திருக்கிற மனிதர். வாயைத் திறந்தார். கேட்பதற்கு ஒன்றும் இல்லை.